குடியிருப்பு உரிமையும் திருச்சபையும்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழகத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் ஆலயங்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். மக்கள் கூட்டங்கூட்டமாகத் திருச்சபையைச் சேர்ந்த காலத்தையும் அதன் காரணங்களையும் ஆராய்ந்துள்ளனர். ஆயினும், அம்மக்கள் எந்த மண்ணில் குடிசை கட்டி வாழ்ந்தனர், அம்மண் யாருக்கு உரியதாயிருந்தது, அதிலிருந்து அவர்களை வெளியேற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்னும் வினாக்கள் நம் வரலாற்று நூல்களில் அருகியே எழுப்பப்படுகின்றன.

இவ்வினாக்கள் சிறியவையல்ல. ஒருவன் வாழும் வீட்டின் அடிமண் பிறனுக்கு உரியதாகவும், அப்பிறன் நினைத்த மாத்திரத்தில் அவனை வெளியேற்றக் கூடியதாகவும் இருக்குமாயின், அவனுடைய உழைப்பும் சொல்லும் வழிபாடுங்கூட முழுமையாக அவனுடையவை ஆகா. அவன் கூலியை உயர்த்திக் கேட்க அஞ்சுவான். மகனைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்குவான். நீதிமன்றத்தில் சான்று கூற மாட்டான். சட்டப் புத்தகத்தில் அவனுக்கு எத்தனை உரிமைகள் எழுதப்பட்டிருப்பினும், மாலையில் திரும்பிச் செல்ல வீடு இராது என்ற அச்சம் அவற்றையெல்லாம் பயனற்றவையாக்கிவிடும்.

இந்த அச்சத்தைத் தமிழகத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே கண்டு வந்துள்ளது. அதற்கு இரு வகையாக விடையளித்தும் உள்ளது. தானே நிலம் வாங்கி மக்களைக் குடியேற்றியது முதல் வகை. மக்களுக்குச் சட்டவழி உரிமை வேண்டுமென ஆட்சியாளரிடம் வழக்காடியது இரண்டாம் வகை. இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின, எவ்வளவு பயன் தந்தன என்பதையும், இன்று திருச்சபையே பெரும் சொத்துடைமையாளராக விளங்கும் நிலையில் அவ்வரலாறு நம்மிடம் என்ன கேட்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. விலை கொடுத்து வாங்கிய அடைக்கலம்

திருநெல்வேலிச் சீமையில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்தியை ஏற்றுக்கொண்ட எளிய மக்கள் உடனடியாகச் சந்தித்த துன்பம், இருந்த இடத்தில் தொடர்ந்து இருக்க முடியாமையே ஆகும். ஊரில் செல்வாக்குடையோர் அவர்களுடைய வழிபாட்டு இடங்களை அழித்தனர். அவர்களைக் குடியிருப்புகளிலிருந்து துரத்தினர். இந்நிலையில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முன்னின்று உழைக்க, 1799-ஆம் ஆண்டில் நிலம் விலைக்கு வாங்கப்பட்டுத் துரத்தப்பட்டோர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அவ்வூருக்கு முதலூர் என்று பெயரிட்டனர். கிறிஸ்தவர்களுக்கென அமைந்த முதல் ஊர் என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

இம்முயற்சியை ஒரு முறைப்பட்ட அமைப்பாக வளர்த்தவர் ரேனியஸ் ஐயர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் அங்கேயே மறைந்த அவர், 1830-இல் தர்ம சங்கம் என்னும் சங்கத்தை நிறுவினார். விசுவாசத்தின் காரணமாக வீடும் நிலமும் இழந்தோருக்காக நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றுவது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. சபையாரின் காணிக்கையைக் கொண்டு சபையாருக்கு அடைக்கலம் தேடிய இம்முறை, சுதேசத் திருச்சபையின் தற்சார்புக்கு ஒரு தொடக்கமாகவும் அமைந்தது. தென்பாண்டி நாட்டில் இன்றும் கிறிஸ்தவப் பெயர் தாங்கி நிற்கும் சிற்றூர்கள் பலவற்றின் தோற்றத்தில் இத்தகைய நிலக் கொள்முதல் வரலாறு ஒன்று உண்டு.

இவ்விடை கருணையில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. அதன் எல்லையையும் நாம் நோக்க வேண்டும். வாங்கப்பட்ட நிலம் பல இடங்களில் குடியேறியவர் பெயரில் இராமல் சங்கத்தின் பெயரிலோ மிஷனின் பெயரிலோ இருந்தது. கொடிய உடைமையாளரிடமிருந்து தப்பி வந்தவன் அன்புள்ள உடைமையாளரின் நிழலில் அமர்ந்தான். அன்பு நிலைக்கும் வரை அந்நிழல் குளிர்ச்சியாகவே இருந்தது. ஆயினும் நிழல் தரும் மரம் அவனுடையதாக இருக்கவில்லை.

2. மிராசும் மனைக்கட்டும்

இரண்டாம் வகை விடை தொண்டை மண்டலத்தில் தோன்றியது. அதன் சூழலை அறிய மிராசு முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். சென்னையைச் சூழ்ந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றில் நிலத்தின் மீதும் அதன் வருவாயின் மீதும் பரம்பரை உரிமை கொண்டாடியோர் மிராசுதார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை ஆட்சியராயிருந்த எல்லிஸ் துரை இவ்வுரிமையைப் பற்றி விரிவாக எழுதி, ஆங்கில ஆட்சியினர் அதனை ஒரு சொத்துரிமையாகக் கருத வழி செய்தார். விளைநிலத்தோடு தரிசு நிலமும் ஊர் நத்தமும் சேரி நத்தமும் தங்களுக்கே உரியவை என மிராசுதார்கள் வாதிட்டனர். ஊரில் தரிசு நிலம் வேண்டி வெளியார் ஒருவர் விண்ணப்பம் செய்தால், முதலில் மிராசுதாருக்கே அந்நிலம் வேண்டுமா என்று கேட்கப்பட வேண்டும் என்னும் முறையும் அங்கு நிலவியது.

சேரியில் வாழ்ந்தோர் அந்நிலங்களை உழுத பறையர் இன மக்கள். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்காதவாறு செய்தது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் ஒருவரை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. எனவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் உரிமை பெற்ற உழைப்பாளிகள். ஆனால் அவர்களது குடிசை நின்ற மனைக்கட்டு மிராசுதாருக்கு உரியது எனப்பட்டது. வேலையை விட்டுச் செல்ல நினைத்தவன் மனையையும் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. கடன் பத்திரத்தோடு மனைக்கட்டும் சேர்ந்து உழைப்பாளியை நிலத்தோடு கட்டி வைத்தது. சட்டம் ஒழித்த அடிமை முறையின் சாரம் இவ்வாறு மனையின் வழியே தொடர்ந்தது.

1880-களிலும் 1890-களிலும் இம்மக்கள் பெருந்திரளாகத் திருச்சபையை நாடியபோது, செங்கல்பட்டுப் பகுதியில் பணியாற்றிய ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரு, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி போன்றோர் இவ்வுண்மையை நேரில் கண்டனர். சேரியில் பள்ளி கட்ட இடம் வேண்டுமெனினும் மிராசுதாரின் இசைவு வேண்டியிருந்தது. இசைவு பெறாமல் கட்டிய பள்ளி வழக்குக்கு உள்ளானது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோர் மனையை விட்டு வெளியேற்றப்படுவர் என மிரட்டப்பட்டனர். ஆகவே, நற்செய்திப் பணியாளர் விரும்பினும் விரும்பாவிடினும் நில உரிமையைப் பற்றிப் பேச வேண்டியவராயினர்.

அவர்களுடைய நோக்கம் முற்றிலும் தன்னலமற்றது என நாம் கூற வேண்டுவதில்லை. தங்கள் சபையாரைக் காப்பதும் சபையைப் பெருக்குவதும் அதில் கலந்திருந்தன. மேலும், சேரி மக்கள் வேறொருவர் தங்களுக்காகப் பேசும் வரை வாளா இருந்தவர்களும் அல்லர். 1891-இல் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிய அயோத்திதாசப் பண்டிதரும், 1893-இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசனும் தம் மக்களின் உரிமைகளைத் தாமே எடுத்துரைத்தனர். மிஷனெரிகளின் குரல் இக்குரல்களோடு சேர்ந்து ஒலித்த ஒன்று என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்தும்.

3. 1892-ஆம் ஆண்டு ஆணையும் அதன் பின்னும்

செங்கல்பட்டில் ஆட்சியராகப் பணியாற்றிய டிரெமென்ஹீர் என்பவர் 1891-இல் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். அம்மக்களின் வறுமை, கடன், நிலமின்மை ஆகியவற்றோடு, தரிசு நிலம் வேண்டி அவர்கள் செய்யும் விண்ணப்பங்களுக்கு மிராசுதார்கள் இடும் தடைகளையும், மனைக்கட்டின் மீது அவர்களுக்கு உறுதியான உரிமை இல்லாமையையும் அவர் எடுத்துக்காட்டினார். இவ்வறிக்கையை ஆய்ந்த சென்னை அரசு 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்தது. பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என வழங்கப்பட்ட நிலங்களின் வரலாறு இவ்வாணையிலிருந்தே தொடங்குகிறது. அந்நிலங்களைப் பத்தாண்டுகளுக்கு விற்கலாகாது, அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனைகள் அவற்றுக்கு உரியவை.

இந்நிபந்தனைகள் இருந்தும் அந்நிலங்களுள் பெரும் பகுதி காலப்போக்கில் பிறர் கைக்கு மாறிற்று. அவற்றை மீட்க வேண்டிச் செங்கல்பட்டை அடுத்த காரணையில் 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறையினர் சுட்டதில் இரு இளைஞர்கள் உயிரிழந்தனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்ட ஆணையை நிறைவேற்றுமாறு கேட்டதற்கே இவ்விலை கொடுக்க நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மனைக்கட்டுச் சிக்கலோ 1892-ஆம் ஆண்டு ஆணையால் தீரவில்லை. சாகுபடி நிலம் சிலருக்குக் கிடைத்தது. குடிசை நின்ற இடம் முன்போலவே வழக்குக்கு உரியதாயிருந்தது. ரூபா விஸ்வநாத் அவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இக்கால ஆவணங்களை விரிவாக ஆராய்கிறது. மிராசுதாருக்கும் உழைப்பாளிக்கும் இடையே உள்ள உறவு பழைமையானது, இணக்கமானது, அதில் கைவைத்தால் ஊரின் அமைதி குலையும் என்னும் எண்ணம் அதிகாரிகளிடையே ஆழ வேரூன்றியிருந்தமை அதனால் தெளிவாகின்றது. கொடுமைக்கு உள்ளானவன் வாய் திறவாதிருக்கும் நிலையையே அமைதி என அவர்கள் அழைத்தனர்.

1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் என்னும் பதவி உருவாக்கப்பட்டு, தாழ்த்தப்பட்டோர் நலன் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அத்துறை மனைக்கட்டுகளைத் தேடிக் கொடுப்பதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. புறம்போக்கு கிடைக்கும் இடங்களில் அதனை ஒதுக்கியது. கிடைக்காத இடங்களில் 1894-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்தித் தனியார் நிலத்தை எடுத்தது. மக்களைக் கூட்டுறவுச் சங்கங்களாக அமைத்து, விலையைத் தவணை முறையில் அவர்களிடமிருந்தே பெற்றது. மனைக்குரியவன் தன் மனைக்குத் தானே விலை கொடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது. அவன் இரந்து பெறவில்லை. அதே காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற எம். சி. ராஜா அவர்கள் தம் மக்களின் தேவைகளை அங்கு இடைவிடாது எடுத்துரைத்தார்.

4. தஞ்சைப் பண்ணையாட்களும் காரியக்காரர்களும்

மனையைக் கொண்டு மனிதனைக் கட்டும் முறை மிகக் கடுமையாக நிலவிய இடம் காவிரிப் பாசனத் தஞ்சை. அங்கு மிராசுதார்களோடு பெரிய கோயில்களும் மடங்களும் நில உடைமையாளராயிருந்தன. உடைமையாளர் பலர் ஊரிலேயே வாழவில்லை. அவர்கள் சார்பில் பண்ணையை நடத்தியோர் காரியக்காரர்களும் ஏஜெண்டுகளும் ஆவர். ஆள்களை வேலைக்கு அழைத்தல், நெல்லை அளத்தல், குற்றம் கண்டு தண்டித்தல் யாவும் அவர்கள் கையில் இருந்தன. பண்ணையாள் தன் வாழ்நாள் முழுவதும் தன் மனையின் உடைமையாளரைக் காணாமலே இருக்கலாம். காரியக்காரரின் முகத்தையோ அவன் நாள்தோறும் கண்டான். சவுக்கடியும் சாணிப்பாலும் அம்மாவட்டத்தின் நினைவில் இன்றும் நீங்காத சொற்கள். சவுக்கால் அடிப்பதும், சாணியைக் கரைத்துக் குடிக்கச் செய்வதும் பண்ணையாட்களுக்கு அளிக்கப்பட்ட தண்டனைகள்.

பொறுப்பு இவ்வாறு இரண்டாகப் பிரிந்துவிடும்போது கொடுமை எளிதாகின்றது. காரியக்காரர் தாம் எசமானரின் கட்டளையை நிறைவேற்றுவதாகக் கூறுவார். எசமானரோ அக்கொடுமை தமக்குத் தெரியாதென்பார். இருவருக்கும் இடையே ஏழையின் முறையீடு மறைந்துவிடும்.

1940-களில் பி. சீனிவாச ராவ் முதலிய பொதுவுடைமை இயக்கத்தினர் தஞ்சையில் பண்ணையாட்களையும் குத்தகைதாரரையும் சங்கமாகத் திரட்டியபோதுதான் இத்தண்டனைகளுக்கு எதிரான கூட்டுக் குரல் எழுந்தது. திருச்சபை அப்போராட்டத்தின் முன்னணியில் நிற்கவில்லை என்பதை நாம் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். இறைநம்பிக்கை அற்றோர் எனக் கருதப்பட்டவர்கள் இறைவாக்கினரின் பணியைச் செய்த வேளை அது.

1952 ஆகஸ்டில் இராஜாஜி அவர்களின் அரசு தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாட்கள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. அதுவே பின்னர்ச் சட்டமாயிற்று. ஒரு வேலி, அதாவது 6⅔ ஏக்கர் என்னும் அளவுக்கு மேல் நிலம் உடையோரிடம் உழைத்த பண்ணையாட்களை முறையின்றி நீக்கலாகாது என அச்சட்டம் விதித்தது. நீக்கப்பட்டவர் சமரச அதிகாரியிடம் முறையிடவும் வழி செய்தது. நற்சட்டமே எனினும், உடைமையாளர் பலர் பண்ணையாள் முறையையே கைவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைக்கத் தொடங்கினர். பண்ணையாள் என்னும் பெயர் போயிற்று; அவன் குடிசை மட்டும் அதே மிராசுதாரின் மண்ணில் நின்றது.

இந்நிலையில்தான் 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு நிகழ்ந்தது. கீழ்த்தஞ்சையில் கூலி உயர்வும் சங்கத்தில் சேரும் உரிமையும் குறித்து நீண்ட காலம் நடந்த பூசலின் முடிவில், கீழ்வெண்மணியில் தாக்குதலுக்கு அஞ்சி ஒரு குடிசையில் ஒதுங்கிய ஒடுக்கப்பட்ட மக்கள் 44 பேர் அக்குடிசையோடு எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. குற்றஞ்சாட்டப்பட்ட நில உடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர். நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை நடந்த நாளன்று, தங்க இடமின்றித் தொழுவத்தில் பிறந்த பாலகனை நாம் பாடிக்கொண்டிருந்த நாளன்று, இது நடந்தது. வெண்மணியை நினையாமல் தமிழகத்தில் கிறிஸ்து பிறப்புச் செய்தியை உரைப்பது நமக்கு எளிதாக இருத்தலாகாது.

5. உரிமையாக மாறிய மனை

வேளாண் தொழிலாளரின் குடியிருப்பைக் காக்க 1961-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குடியிருப்பில் வாழ்வோரை வெளியேற்றுவதைத் தடுப்பது அதன் நோக்கம். அது உடைமையாளரின் கையைத் தடுத்ததேயன்றி மண்ணைக் கைமாற்றவில்லை. 1971-இல் மு. கருணாநிதி அவர்கள் முதலமைச்சராயிருந்தபோது இயற்றப்பட்ட குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம் அடுத்த படிக்குச் சென்றது. 1971 ஜூன் 19-ஆம் நாளன்று குடியிருப்பில் குத்தகையாளராகவோ இசைவு பெற்றவராகவோ வாழ்ந்த வேளாளரும் வேளாண் தொழிலாளரும் அம்மனைக்கு உரிமையாளராவர் என அச்சட்டம் கூறியது. கேரளத்திலும் 1969-இல் திருத்தப்பட்டு 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டம், குடிகிடப்புக்காரர் என்னும் மனைக்குடிகள் சிற்றூர்களில் 10 சென்ட் வரை நிலத்தை விலைக்குப் பெறும் உரிமையை வழங்கியது.

மூன்று சென்டோ ஐந்து சென்டோ ஒரு குடும்பத்தின் வறுமையைப் போக்கிவிடாது என்று கூறுவோர் உண்டு. பொருளாதாரக் கணக்கில் அது மெய்யே. ஆனால் மனைக்குப் பட்டா பெற்ற தொழிலாளி கூலிப் பேச்சுக்குச் செல்லும்போது, அன்றிரவு தன் கூரை நிற்குமா என அஞ்ச வேண்டியதில்லை. 1799-இல் முதலூரில் தொடங்கிய தேடல் இவ்விடத்தில் ஒரு முடிவை எட்டியது. நல்ல உடைமையாளரைத் தேடிச் செல்ல வேண்டியவனாக இருந்தவன், எந்த உடைமையாளரின் குணத்தையும் நம்பியிராதவனாக ஆனான்.

பட்டா ஏட்டில் இருந்தும் கைக்கு எட்டாதோர் உண்டு. மனை ஆண்மகன் பெயரில் இருந்ததால் கைவிடப்பட்ட பெண்களும் உண்டு. தஞ்சையில் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் ஆகியோர் 1981-இல் தொடங்கிய இயக்கம் நிலத்தைப் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்து கொடுக்க முயன்றது இக்குறையை உணர்ந்தே ஆகும்.

6. உடைமையாளராகிய திருச்சபை

இதுவரை நாம் கண்டது சிற்றூரின் மனை. அதே உறவு நகரத்தில் வாடகை வீடாகவும் வாடகைக் கடையாகவும் தோன்றுகிறது. இங்கே திருச்சபை பார்வையாளராக நிற்க இயலாது. மிஷன் நிறுவனங்கள் வாங்கிய நிலங்களும் வளாகங்களும் நாட்டின் விடுதலைக்குப் பின் திருச்சபைகளின் சொத்துக் கழகங்களுக்கு வந்தன. ஆலயத்தை ஒட்டிய கடைகள், மிஷன் வளாகத்துப் பழைய வீடுகள், பள்ளி ஊழியர் குடியிருப்புகள் என நம் மறைமாவட்டங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கானோர் இன்று திருச்சபையின் குடிகளாக உள்ளனர்.

வாடகைதாரரைக் காக்கத் தமிழகத்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. நியாய வாடகையைத் தீர்மானிக்கவும், தக்க காரணமின்றி வெளியேற்றுவதைத் தடுக்கவும் அது வழி செய்தது. ஆனால் 1976 ஆகஸ்டு 16-ஆம் நாளிட்ட அரசாணை, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமிய சமயப் பொது அறக்கட்டளைகளுக்கும் பொது அறநிலையங்களுக்கும் உரிய கட்டடங்கள் அனைத்துக்கும் அச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்தது. பழைய வாடகை மிகக் குறைவாயிருந்ததால் அறப்பணிகளின் வருவாய் குன்றியது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். உச்சநீதிமன்றமும் பின்னர் அவ்விலக்கைச் செல்லத்தக்கது என ஏற்றது.

காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. செல்வர் சிலர் மிகச் சிறு தொகைக்கு அறக்கட்டளைக் கட்டடங்களைப் பல்லாண்டு பிடித்து வைத்திருந்ததும் உண்டு. எனினும் அவ்விலக்கின் பொருளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வாக்குள்ள வணிகரும், வளாகத்தின் மூலையில் ஓரறை வீட்டில் வாழ்ந்த ஓய்வுபெற்ற கோயிற்குட்டியும் அதனால் ஒரே நாளில் அச்சட்டத்தின் காப்பை இழந்தனர். ஊரிலுள்ள மற்ற வீட்டுக்காரர் சட்டத்துக்கு உட்பட்டிருக்க, இறைவன் பெயரால் சொத்து வைத்திருந்தோர் அதற்கு வெளியே நின்றனர்.

அச்சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. அதற்கு மாற்றாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது, வெளியேற்றுவதாயின் வாடகை நீதிமன்றத்தின் வழியே செய்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையா வசதிகளை உடைமையாளரோ அவருடைய சொத்து மேலாளரோ தாமாகவும் பிறர் வழியாகவும் நிறுத்தலாகாது எனவும் கூறுகின்றது. மேலாளரை இவ்வாறு தனியே குறிப்பிட்டுத் தடுத்தது கருதத்தக்கது. தஞ்சைக் காரியக்காரரின் வரலாற்றை அறிந்தோருக்கு அதன் தேவை விளங்கும்.

7. இறையியல் நோக்கு

திருமறை இவ்விவகாரத்தில் வாளா இருக்கவில்லை. யாத்திராகமம் 5-ஆம் அதிகாரத்தில் பார்வோனின் கொடுமை இஸ்ரவேலரை எட்டுவது ஆளோட்டிகளின் வழியாகவே. அரசன் அரண்மனையில் இருக்கிறான். வைக்கோலை நிறுத்துவோரும் அடிப்போரும் அவனுடைய அலுவலர். ஆயினும் மோசே பேசச் செல்வது பார்வோனிடமே. ஆளோட்டியின் செயலுக்கு அரசனே பொறுப்பு என்னும் தீர்ப்பு அங்கு அடங்கியுள்ளது. 1 இராஜாக்கள் 21-இல் யேசபேலும் அவ்வாறே மூப்பருக்குக் கடிதம் எழுதிப் பொய்ச்சான்று ஏற்படுத்தி, சட்டத்தின் வடிவத்திலேயே நாபோத்தை ஒழிக்கிறாள். எலியா எதிர்கொள்வதோ, கடிதம் எழுதாதவனும் கல்லெறியாதவனும் நிலத்தை மட்டும் பெற்றுக்கொண்டவனுமாகிய ஆகாபை. காரியக்காரர் செய்தார், குழு முடிவு செய்தது, வழக்கறிஞர் அறிவுரை கூறினார் என்னும் விடைகள் எலியாவின் முன் செல்லா.

மீகா 2:9 மற்றொன்றைக் காட்டுகிறது. வெளியேற்றத்தைப் பற்றிப் பேசும் இறைவாக்கினர் நிலத்தின் பரப்பைப் பேசவில்லை. பெண்கள் தாம் விரும்பி வாழ்ந்த வீடுகளிலிருந்து துரத்தப்படுவதையும், குழந்தைகளிடமிருந்து இறைவன் அளித்த மாட்சி பறிக்கப்படுவதையும் பேசுகிறார். வீடிழந்த குழந்தை இழப்பது கூரையை மட்டுமன்று, இறைவன் தனக்கு அளித்த மதிப்பையும் என்பது அவர் கருத்து.

லேவியராகமம் 25:23 இதற்கெல்லாம் அடிப்படையாக நிற்கிறது. நிலம் ஆண்டவருடையது, அதில் வாழ்வோர் அனைவரும் அவரோடு தங்கியிருக்கும் பரதேசிகளும் புறக்குடிகளுமே. ஆகவே மனிதருக்குள் முழுமையான உடைமையாளர் என ஒருவர் இல்லை. குத்தகைக்கு விடுபவரும் ஆண்டவரின் குத்தகைக்குடியே. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் பரோயிக்கியா என்னும் சொல் உரிமைக் குடிகள் அல்லாதாராய் ஓரிடத்தில் தங்கி வாழும் நிலையைக் குறிக்கும். பேதுருவின் முதல் நிருபம் சபையாரை இந்நிலையினராகவே விளிக்கின்றது. அச்சொல்லே மருவி ஆங்கிலத்தில் பாரிஷ் ஆயிற்று. நாம் சேகரம் என வழங்கும் அமைப்பின் பெயர் முதலில் வாடகைக் குடியின் நிலையைக் குறித்த சொல்லாகும். சேகரத்தின் பெயரால் ஒரு குடியை வீதியில் நிறுத்துவோர், தம் சபையின் பெயரையே மறந்தவராவர்.

முடிவுரை

இந்த இருநூற்றாண்டு வரலாறு நமக்குத் தரும் படிப்பினை ஒன்று உண்டு. நல்ல உடைமையாளர் அவசரத்தில் அடைக்கலம் தரலாம். முதலூரும் தர்ம சங்கமும் அதற்குச் சான்று. ஆயினும் ஏழைக்கு நிலையான காப்பு உடைமையாளரின் நற்குணத்தில் இல்லை. அவன் கையில் உள்ள உரிமையில் உள்ளது. சேரி மக்களும் அவர்களோடு நின்ற மிஷனெரிகளும் மனைக்கட்டுக்காக வழக்காடியபோது இதனையே உணர்ந்திருந்தனர். அவர்கள் மிராசுதாரிடம் கேட்டதை, இன்று நம் குடிகள் நம்மிடம் கேட்கலாம். அப்போது நாம் மிராசுதாரின் விடையைக் கூறலாகாது.

ஆகவே, நம் ஆயர்களும் திருமறை மாணவர்களும் தாங்கள் பணியாற்றும் சேகரத்தில் சில காரியங்களைக் கேட்டறிதல் நலம். திருச்சபையின் வீட்டில் வாழும் ஒவ்வொருவர் கையிலும் எழுத்து ஒப்பந்தம் உண்டா? செலுத்தும் வாடகைக்கு ரசீது தரப்படுகிறதா? சொத்து மேலாளர் மேல் ஒரு விதவை முறையீடு செய்ய விரும்பினால், அம்மேலாளரைக் கடந்து அவர் யாரிடம் செல்ல முடியும்? நாற்பது ஆண்டு சபைக்கு உழைத்த ஊழியர் ஓய்வு பெறும் நாளில் அவர் வீட்டின் நிலை என்ன? சேகரக் கமிட்டியில் எதிர்த்து வாக்களித்த ஒருவர் அடுத்த மாதம் குடிநீர்க் குழாய் அடைபட்டிருப்பதைக் காண நேருமா? இவ்வினாக்களுக்கு நேர்மையான விடை காணும் சபையே, வெளியாரின் கொடுமையைக் குறித்து மேடையில் பேசத் தகுதி பெறும்.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மட்டும் நீதி செய்வது பரிசேயருக்கும் இயலும். சட்டம் எட்டாத இடத்திலும் நம் குடிகள் அச்சமின்றி உறங்குவார்களாயின், நிலம் யாருடையது என்பதை நாம் அறிந்திருக்கிறோம் என்று பொருள்.